ஒரு செங்குத்துக் கோடும் பத்து லட்சம் உறவுகளும்

சமூக வலைத்தளத்தில் யாருக்கு யார் எப்போது நண்பரானார், எப்போது விலகினார் என்பதைக் காலக்கோட்டில் காட்டும் முறைக்குக் காப்புரிமை கேட்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது கணினிக்குள் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விடையும் தெளிவாகும்.

ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வைப்பது பலரும் அறிந்ததே. இங்கே ஒவ்வோர் உறவுடனும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் சேர்கின்றன. திரையில் 2012 ஜூன் மீது விரலை வைத்தால் அன்று நீடித்த உறவுகள் மட்டும் தெரிய வேண்டும். பத்து லட்சம் உறவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் நகரும் விரலுக்குத் திரை ஈடுகொடுக்காது.

கணினி அறிவியலாளர்கள் எடெல்ஸ்புருன்னரும் மெக்கிரைட்டும் 1980 வாக்கில் தனித்தனியே கண்டறிந்த 'இடைவெளி மரம்' இதற்குக் கைகொடுக்கிறது; தொடக்கமும் முடிவும் உள்ள காலத்துண்டுகளைக் கிளைகளாகப் பிரித்து அடுக்கும் முறை அது. நடுவில் ஒரு நாளை, 2015 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம், தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்பே முடிந்த உறவுகள் இடக்கிளைக்கும், பின்பு தொடங்கியவை வலக்கிளைக்கும் போக, அந்த நாளைத் தாண்டி நீள்பவை அங்கேயே தங்கும். தங்கியவற்றைத் தொடக்க நாள் வரிசையில் ஒரு பட்டியலாகவும் முடிவு நாள் வரிசையில் மற்றொன்றாகவும் எழுதி வைக்கிறார்கள். கிளைகளையும் இவ்வாறே பிரித்துக்கொண்டு போகிறார்கள். இனி 2012 ஜூனைக் கேட்டால், தங்கிய உறவுகள் யாவும் 2015 வரை நீண்டவை என்பதால் அவற்றின் முடிவு நாளைப் பார்க்கவே தேவையில்லை. தொடக்கப் பட்டியலை மேலிருந்து படித்து, 2012 ஜூனுக்குப் பின் தொடங்கிய முதல் உறவு எதிர்ப்பட்டதும் நிறுத்திவிடலாம். வலக்கிளை முழுவதையும் தொடாமலே ஒதுக்கிவிட்டு இடக்கிளைக்குள் இறங்கலாம். பத்து லட்சம் உறவுகள் இருந்தாலும் மரத்தில் சுமார் இருபது படிகள் இறங்கினால் போதும்; அதற்கு மேல் ஆகும் நேரம் விடையாக வரும் உறவுகளை எடுப்பதற்கு மட்டுமே. பார்க்கத் தேவையில்லாததைப் பார்க்காமலே விடும் இந்த நேர்த்தி எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

ஆனால் காலத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் எண்ணம் மிகப் பழையது. ஆக்சிஜன் ஆய்வால் அறியப்பட்ட ஜோசப் பிரீஸ்ட்லி 1765-இல் வெளியிட்ட வாழ்க்கை வரைபடத்தில், ஏறத்தாழ 2,000 பேரின் ஆயுட்காலம் கிடைக்கோடுகளாக வரையப்பட்டிருந்தது. தேதி உறுதியாகத் தெரியாத இடங்களைப் புள்ளிகளால் குறித்திருந்தார். அதில் ஓர் ஆண்டின் மீது செங்குத்தாக அளவுகோலை வைத்தால், அது வெட்டும் கோடுகளுக்குரியவர்கள் எல்லோரும் சமகாலத்தவர்கள். விரலை வைத்து நாம் கேட்கும் கேள்வியும் இதேதான்.

ஆகவே, காலக்கோட்டில் உறவைக் காட்டுவது என்ற எண்ணத்துக்கே ஒருவர் உரிமை கோருவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அருவமான ஓர் எண்ணத்தைச் சாதாரணக் கணினியில் செய்து காட்டுவதால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆலிஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் பிரிவு 3(கே), கணித முறைகளையும், வெறும் நிரல்கள் என்ற அளவில் கணினி நிரல்களையும் கண்டுபிடிப்புகளாக ஏற்பதில்லை. எனவே வாசகர் விண்ணப்பிப்பதானால், காலக்கோட்டைக் கோராமல், அதைக் காட்டுவதில் தாம் புதிதாகத் தீர்த்த தொழில்நுட்பச் சிக்கல் எது என்பதையே கோரிக்கையின் முதல் வரியில் எழுத வேண்டும்.