ஃபோர் வீல் டிராக்டர் யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

டூ வீல் டிராக்டரில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; ஃபோர் வீலில் லீவரையோ சுவிட்சையோ போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். புது டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசனை கேட்க வருவார்கள். "ஃபோர் வீலே எடுத்துடலாமா?" என்பார்கள். நான் பதிலுக்கு நிலத்தைப் பற்றிக் கேட்பேன். வண்டிக்கு மிகவும் கஷ்டமான வேலை எது? அதை எந்த மண்ணில், எந்த ஈரத்தில் செய்யப்போகிறீர்கள்? வருடத்தில் எத்தனை நாள் அந்த வேலை இருக்கும்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். டிராக்டர் பழுதுபார்ப்பதே என் தொழில். தேவையில்லாமல் ஃபோர் வீல் வாங்கி, முன் ஆக்சிலைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தேவை இருந்தும் வாங்காமல் டயரையும் டீசலையும் கரைப்பவர்களும் வருகிறார்கள்.

ஃபோர் வீல் என்றால் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே இன்ஜின் போட்ட இரண்டு வண்டிகளில் இன்ஜின் கொடுக்கும் சக்தி ஒன்றுதான். அதில் எவ்வளவு கலப்பைக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. வேளாண் பொறியாளர்கள் பயன்படுத்தும் டி497 என்ற அமெரிக்கத் தரநிலையில் இதற்கான எண்கள் இருக்கின்றன. பி.டி.ஓ.வில், அதாவது கருவிகளைச் சுழற்ற வண்டியின் பின்னால் இருக்கும் ஷாஃப்டில், 50 குதிரைத்திறன் கிடைக்கும் வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் தரையில் டூ வீல், ஃபோர் வீல் இரண்டுமே சுமார் 43.5 குதிரைத்திறனை இழுவையாகத் தருகின்றன. கெட்டியான வயலில் டூ வீலுக்கு 36, ஃபோர் வீலுக்கு 38.5. உழுது பொலபொலவென்று கிடக்கும் மண்ணில் 33.5, 36.5. நெகிழ்ந்த மண்ணுக்கு வந்தால் 27.5, 32.5.

கான்கிரீட்டில் சமமாக இருந்தவை நெகிழ்ந்த மண்ணில் 5 குதிரைத்திறன் விலகிவிட்டன. அந்த மண்ணில் 45 குதிரைத்திறன் ஃபோர் வீல், 50 குதிரைத்திறன் டூ வீலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். அதனால், "வண்டி இழுக்கல, அடுத்த முறை பெரிய இன்ஜினா எடுக்கிறேன்" என்று சொல்பவர்களிடம், இன்ஜின் திணறுகிறதா, சக்கரம் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். இன்ஜின் சத்தம் இறங்காமல் சக்கரம் மட்டும் சுற்றினால் பெரிய இன்ஜின் போட்டும் பயனில்லை. இன்னும் வேகமாகக் குழி பறிக்கும், அவ்வளவுதான்.

சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதை வயலிலேயே அளந்துவிடலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கிவிட்டு அதே வயலில் ஓட்டி, டயர் 10 சுற்று சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் கலப்பையை இறக்கி, வேலை செய்யும் ஆழத்தில் மறுபடி 10 சுற்று. முதலில் 45 மீட்டர், உழும்போது 36 மீட்டர் என்று வந்தால் 9 மீட்டர் காணாமல் போயிருக்கிறது. அதாவது 20 சதவீதம் வழுக்கல். ஐந்து மணி நேரம் உழுதால் ஒரு மணி நேரத்து டீசல் வெறுமனே போகிறது என்று அர்த்தம். டூ வீலுக்கு 10 முதல் 15 சதவீதம், ஃபோர் வீலுக்கு 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பதுதான் சரியான நிலை. வழுக்கலே இல்லாமல் இருப்பதும் நல்லதில்லை. அப்படியென்றால் வண்டியில் தேவைக்கு மேல் எடை ஏற்றியிருக்கிறீர்கள்; அந்தப் பளுவைக் கியர் பாக்ஸும் மண்ணும் தாங்குகின்றன. அளக்க நேரமில்லை என்றால் டயர் போன தடத்தைப் பாருங்கள். டயர் பட்டனின் (டயரில் மேடாக நிற்கும் ரப்பர் பட்டைகளின்) அச்சு அப்படியே தெளிவாகப் பதிந்திருந்தால் எடை கூடுதல். அச்சே தெரியாமல் மண் வாரியடிக்கப்பட்டிருந்தால் வழுக்கல் அதிகம். ஓரத்தில் அச்சு தெரிந்து நடுவில் கொஞ்சம் கலைந்திருந்தால் சரியாக இருக்கிறது.

டூ வீல் வண்டியில் இந்த 20 சதவீதம் வந்தவுடனே ஃபோர் வீலுக்கு மாற வேண்டும் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இவற்றைச் செய்யாமலேதான் பாதிப் பேர் வண்டியை மாற்ற வருகிறார்கள். பின் டயரில் தண்ணீர் ஏற்றலாம். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி வால்வு மட்டம் வரை நிரப்பினால் ஏறத்தாழ 75 சதவீதம் ஆகும். மீதி இடம் காற்றுக்கு. உறைபனி விழும் இடத்தில் வெறும் தண்ணீர் ஆகாது, உறையாத கரைசல் வேண்டும். அடுத்து, டயரின் காற்றழுத்தம். ரோட்டில் ஓட்டுகிற அதே அழுத்தத்தோடு வயலில் இறங்கினால் டயர் மண்ணை முழுதாகத் தொடாது. சுமைக்கேற்ற அழுத்தம் டயர் நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும். பட்டன் தேய்ந்து மொட்டையான டயரை வைத்துக்கொண்டு வண்டியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டிஃபரன்ஷியல் லாக் என்று காலடியில் ஒரு பெடல் இருக்கிறது. அதை ஒரு முறைகூட மிதிக்காத ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றும்போது அதை மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்கக் கூடாது, சுற்றலைக் குறைத்துவிட்டு மிதிக்க வேண்டும். திரும்புவதற்கு முன் கட்டாயம் விட்டுவிட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் வழுக்கினால், அந்த வேலை வருடத்தில் கணிசமான நாட்கள் இருந்தால், ஃபோர் வீல் எடுங்கள்.

எந்த வேலைக்கு எது என்பது கருவியைப் பொறுத்தது. இறக்கைக் கலப்பை, உளிக் கலப்பை, அடிமண்ணைப் பிளக்கும் சப்சாயிலர் மாதிரியானவை முழுக்க முழுக்க இழுவையை நம்பியவை. அதிலும் ஆழமாகப் போனால் ஃபோர் வீலின் அருமை தெரியும். ரோட்டவேட்டர் அப்படி இல்லை. அதன் கத்திகள் வண்டி போகும் திசையிலேயே சுழல்வதால் அது வண்டியை முன்னால் தள்ளிக்கொடுக்கிறது. அதற்குத் தேவை பி.டி.ஓ. சக்தி. வறண்ட நிலத்தில் ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பு, விதைப்பு, டிரெய்லர் ஓட்டம் என்று வருடம் போகிறதென்றால் டூ வீல் போதும். விலை குறைவு, வண்டி லேசு, சின்ன இடத்தில் திரும்பும், பழுதாக முன்னால் அதிகம் ஒன்றுமில்லை.

சேற்றுழவு தனிக் கதை. அங்கே ரோட்டவேட்டரே போட்டாலும் டூ வீல் திணறும். டூ வீலின் முன் டயர் குறுகலானது, 6.00-16 மாதிரியான அளவுதான். சேற்றில் அது இறங்கி, முன்னால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போகும். பின்சக்கரத்தின் இழுவையில் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும். ஃபோர் வீலின் முன் டயர் உயரமும் அகலமும் அதிகம், தானே சுழன்று ஏறியும் வரும். கடினமான அடித்தளம் மேலாகவே இருக்கிற வயலில் கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டூ வீல் நன்றாகவே வேலை செய்கிறது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற வயலுக்கு என்னிடம் யோசனை கேட்டால் ஃபோர் வீல் என்றுதான் சொல்வேன். ஒரு விஷயம்: பின் டயரைவிட உயரமான கேஜ் வீலை மாட்டிவிட்டு ஃபோர் வீலைப் போடக் கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

ஃபோர் வீல் வண்டியில் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவில் இல்லை. அதனால் கியர் விகிதத்தை வைத்து, முன் டயரின் தரைவேகம் பின் டயரைவிட 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். முன்சக்கரம் எப்போதும் கொஞ்சம் இழுத்தபடியே போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கார்களில் இருப்பதுபோல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வேறுபாட்டைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் பெரும்பாலான டிராக்டர்களில் கிடையாது. வயலில் அந்த வேறுபாட்டை மண் வழுக்கிக் கொடுத்துச் சமாளித்துவிடும். தார் ரோடு விட்டுக்கொடுக்காது. முன் டயர் தேய்கிறது, ஷாஃப்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறி நிற்கின்றன, லீவரைத் தள்ளினால் விடுபட மறுக்கிறது. திருப்பத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போக வேண்டும். பட்டறைக்கு வரும் முன் ஆக்சில் பழுதுகளில் நிறைய, ஃபோர் வீலைப் போட்டது போட்டபடி மாதக்கணக்கில் ரோட்டில் ஓட்டியவர்களுடையவை. வயலை விட்டு ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

டயர் மாற்றும்போதும் இதே கணக்கு குறுக்கே வரும். பின் டயர் தேய்ந்த பிறகு கிடைத்த அளவில் ஒன்றை வாங்கி மாட்டினால், அந்த 1 முதல் 5 சதவீதம் கெட்டுப்போகும். பின் டயர் பெரியதாகிவிட்டால் முன்சக்கரம் இழுப்பதை விட்டு, பிரேக் மாதிரி பிடித்துக்கொண்டு வரும். உயரமான கேஜ் வீலிலும் இதேதான் நடக்கிறது. டயரின் மேலே எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சுற்றளவு மாறும். முன்னும் பின்னும் உருளும் சுற்றளவைக் கேட்டு, வண்டிக்கான கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சரிவான நிலத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரம் லேசாகி, பிரேக் பிடித்தால் வழுக்கும். முன்னால் லோடர் மாட்டிச் சுமை தூக்கியிருந்தால் இன்னும் லேசாகும். ஃபோர் வீலைப் போட்டிருந்தால் ஷாஃப்ட் வழியாக முன்சக்கரங்களும் பிரேக்கில் சேர்ந்துகொள்ளும். ஆகவே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், குறைந்த கியரில் இறங்க வேண்டும். பாதி வழியில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு லீவரைத் தேடக் கூடாது.

ஆனால் இதே ஃபோர் வீல் ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. டூ வீலில் சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதே, இதற்கு மேல் போகாதே என்று மண் சொல்லிவிடும். ஃபோர் வீல் ஏறிவிடும். இறங்க முடியாத இடம் வரைக்கும் ஏறிவிடும். பக்கவாட்டில் கவிழ்வதை எந்தச் சக்கரமும் தடுக்காது, அது அகலத்தையும் எடை எங்கே நிற்கிறது என்பதையும் பொறுத்தது.

பின்பக்கமாகக் கவிழ்வதும் உண்டு. பின்சக்கரம் சேற்றில் இறுகிச் சுற்ற முடியாமல் நிற்கும்போது கிளட்சைப் பட்டென்று விட்டால், சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக வண்டியின் மூக்கு மேலே கிளம்பும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், குதிக்க நேரமிருக்காது. முன்பக்கம் கனமான ஃபோர் வீலில் இது குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுவதும், கயிற்றையோ சங்கிலியையோ டாப் லிங்கில் (கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் கம்பியில்) மாட்டி இழுப்பதும் உயிரோடு விளையாடுவது. முடிந்தால் ரிவர்ஸில் எடுங்கள், இல்லையென்றால் வேறு வண்டியைக் கூப்பிடுங்கள். புது டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959லேயே சட்டம் போட்டது. எந்த வகை எடுத்தாலும் அந்தச் சட்டகமும் சீட் பெல்ட்டும் இருக்க வேண்டும். கனமான கருவியைப் பின்னால் தூக்கும்போது வண்டி எடையில் 20 சதவீதமாவது முன் ஆக்சிலில் நிற்க வேண்டும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று தோன்றினால் முன்னால் வெயிட் போடாமல் ஓட்டாதீர்கள்.

ஃபோர் வீல் எடுத்தவர்கள் மறக்கிற இன்னொன்று, முன் ஆக்சிலின் ஆயில். நடுவில் உள்ள டிஃபரன்ஷியலுக்கு ஒன்று, இரண்டு பக்க ஹப்பிலும் (சக்கரம் மாட்டும் குடத்திலும்) தனித்தனியாக ஒன்று என்று பல வண்டிகளில் மூன்று இடத்தில் ஆயில் இருக்கும். நடுவில் பார்த்துவிட்டு ஹப்பை விட்டுவிடுவார்கள். சேற்றில் வேலை செய்யும் வண்டியில் வைக்கோலும் கம்பியும் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும். வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போதே சீலை மாற்றினால் சின்னச் செலவு. விட்டால் பேரிங்கில் தொடங்கிப் பல்சக்கரம் வரைக்கும் போகும்.

பழைய ஃபோர் வீல் வாங்குகிறவர்கள் முன்பக்கம் உண்மையிலேயே இழுக்கிறதா என்று சோதித்த பிறகே பேரம் பேச வேண்டும். முன் டிரைவையே கழற்றிவிட்டு விற்கிற வண்டிகள் சந்தையில் உண்டு. லீவர் வகை வண்டியென்றால் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசான ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுழன்றால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது, அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. டூ வீலுக்கு உண்டான விலைக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள்.