பெயர் சொன்னால் அடங்கும் படபடப்பு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகனுக்கு இந்த ஆண்டு தொடக்கநிலை இறுதித் தேர்வு. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். யார் கூட்டிப்போவது என்று கணவரோடும் நாத்தனாரோடும் ஓயாத இழுபறி. தோழி சொன்னதன்பேரில் இணையம்வழி ஒரு மனநல ஆலோசகரிடம் நான்கு வாரமாகப் பேசிவருகிறார். “இப்போது தூக்கம் வருகிறது, மகனிடம் கத்துவது குறைந்திருக்கிறது. ஆனால் அவர் மருந்தும் தரவில்லை, பிரச்சினையைத் தீர்த்தும் வைக்கவில்லை. திரையைப் பார்த்துப் பேசியதில் என்னதான் நடந்தது?” என்று கேட்டிருக்கிறார்.

முதலில் திரை. நேரில் போகாவிட்டால் பலன் இருக்காது என்ற பயம் பலருக்கு உண்டு. மனப்பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) நேரில் பெற்றவர்களையும், ஆலோசகரின் வழிகாட்டலோடு இணையத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே திரையைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை அடுக்குமாடி வீட்டில் காதில் விழாத மூலை கிடைப்பதுதான் பெரிய பாடு. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பேசினால் என்ன ஆகிறது?

மன உளைச்சலில் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரப்பது பள்ளியில் படித்ததுதான். அந்தச் சுரப்புக்கு மணி அடிக்கிற இடங்களில் ஒன்று அமிக்டலா. காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக மூளையின் ஆழத்தில், பாதாம்பருப்பு அளவில் இடமும் வலமுமாக இரண்டு இருக்கின்றன. எதிரே வருவது பாம்பா, நாத்தனாரின் குறுஞ்செய்தியா என்று அது நிதானமாக விசாரிப்பதில்லை. ஆபத்துபோலத் தோன்றினால் போதும், மணி அடித்துவிடும்.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற ஆய்வு ஒன்று இங்கேதான் வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்டது. 30 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கோபமான முகம், பயந்த முகம் என்று படங்களைக் காட்டினார்கள். சில முறை, அந்த முகத்தில் தெரிவது கோபமா பயமா என்று பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேறு சில முறை, ஆணா பெண்ணா என்று பார்த்து அந்த ஆளுக்குப் பொருந்தும் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டிலும் கண் பார்ப்பது முகத்தை, கை தேர்ந்தெடுப்பது ஒரு சொல்லை. ஆனால் ஆளுக்குப் பெயர் சொன்னபோது இல்லாத ஒன்று, உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது நடந்தது. அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. அதே நேரத்தில் நெற்றிக்குப் பின்னால், வலப்பக்கம் கீழ்ப்புறமாக உள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அது எவருக்கு அதிகமாக வேலை செய்ததோ, அவருடைய அமிக்டலா அதிகமாக அடங்கியது.

யாரும் அவர்களை ‘அமைதியாக இருங்கள்’ என்று சொல்லவில்லை, மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

2012இல் அதே பல்கலைக்கழகத்தில், சிலந்தியைக் கண்டாலே நடுங்குகிற 88 பேரைக் கொண்டு இன்னொரு ஆய்வு நடந்தது. உயிருள்ள பெரிய மயிர்ச்சிலந்திக்கு முன்னால் நிற்கவேண்டும். ஒரு குழு தன் பயத்தை உள்ளபடியே வாய்விட்டுச் சொன்னது. இன்னொரு குழு ‘இது ஒன்றும் செய்யாது’ என்று தேற்றிக்கொண்டது. வேறொரு குழு சம்பந்தமில்லாததைப் பேசிக் கவனத்தைத் திருப்பியது. ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது, பயத்தைப் பயம் என்றே சொன்னவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட உள்ளங்கை வியர்வை குறைவாக இருந்தது. நாம் வீட்டில் செய்வது பெரும்பாலும் மற்ற இரண்டையும்தான். ‘ஒண்ணும் ஆகாது’ என்போம், இல்லாவிட்டால் டிவியைப் போடுவோம்.

பெயர் சொன்னால் வேதனை கூடும் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள் என்பதையும் லீபர்மன் குழு 2011இல் சோதித்துப் பார்த்தது. கலந்துகொண்டவர்கள் கூடும் என்று கணித்தார்கள், உண்மையில் குறைந்தது. ஈசூன் வாசகிக்கு ‘என்னதான் நடந்தது’ என்று புரியாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாம் முயற்சி செய்யாமலே, நமக்குத் தெரியாமலே நடக்கிற அடங்கல் இது.

அப்படியானால் பத்துப் பேரிடம் புலம்பினாலும் இதே பலன் வருமா? வராது. புலம்பலில் ‘அவள் இப்படிச் சொன்னாள், நான் அப்படிச் சொன்னேன்’ என்று நடந்த கதைதான் மறுபடி மறுபடி ஓடும், உள்ளே இருக்கிற உணர்ச்சிக்குப் பெயர் வராது. நல்ல ஆலோசகர் கதையை நடுவில் நிறுத்தி, “அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன இருந்தது?” என்று கேட்பார். ‘ஒரு மாதிரி இருந்துச்சு’ என்றால் விடமாட்டார்.

பெயர் சொல்வதே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் அடி உதை இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மனம் உடைந்திருப்பவரை ‘கண்ணு பட்டுடுச்சு, யாரோ செய்வினை வச்சிருக்காங்க’ என்று பரிகாரக்காரரிடம் கூட்டிப்போய் பணத்தைக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சுற்றிப்போடுவதோடு நின்றால் பரவாயில்லை. ஆனால் அந்த மனிதரின் பயத்துக்கும் துக்கத்துக்கும் கடைசிவரை பெயர் கிடைக்காமலே போய்விடுகிறது.

வாசகி கடைசியாக, தமிழில் பேசவா ஆங்கிலத்தில் பேசவா என்றும் கேட்டிருந்தார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 2003இல், துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்முனைகளைப் பொருத்திச் சொற்களைக் கேட்கவைத்தார்கள். சிறுவயதில் வாங்கும் திட்டுகள் ஆங்கிலத்தில் வந்தபோது இருந்ததைவிடத் துருக்கிய மொழியில் வந்தபோது தோல் அதிகமாக எதிர்வினை காட்டியது. ‘வெட்கமா இல்லை?’ என்று அம்மா கேட்டது இன்றும் நம் தோலுக்குத் தெரிகிறது.

உணர்ச்சிகளைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இழிவுபடுதல், இழத்தல், முன்பிருந்த நிலை தாழ்தல், வறுமை. இரவில் தலையணை நனைகிறபோது இந்த நான்கில் எது என்று கேட்டுப் பார்க்கலாம். ஆற்றாமை, ஆதங்கம், ஏக்கம், சலிப்பு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமா? ஆதங்கத்தை ஆதங்கம் என்று சொல்லும்போதும் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லும்போதும் மூளை ஒரேமாதிரி அடங்குகிறதா என்பதை யாராவது அளந்து பார்க்கவேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வாழ்கிற சிங்கப்பூரைவிட அதற்குப் பொருத்தமான இடம் ஏது? ஆய்வு நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் மனதாரப் பாராட்டுவேன்.

அதுவரை என் அனுபவத்தைத்தான் சொல்லமுடியும். அப்பா விழுந்து இடுப்பெலும்பு உடைந்த சமயம். அண்ணன் பெர்த்தில் இருந்துகொண்டு தினமும் ஃபோனில் யோசனை சொல்வார். படுக்கையறையில் இஸ்திரி மேசைமேல் மடிக்கணினியை வைத்து, ஹாலுக்குக் கேட்காமலிருக்க மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு ஆலோசகரிடம் பேசினேன். சீனப் பெண்மணி. அண்ணன்மீது கோபமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். வெறுப்பா? அதுவும் இல்லை. “உங்கள் வீட்டு மொழியில் அதற்குச் சொல் உண்டா?” என்றார். யோசிக்காமலே ‘மனத்தாங்கல்’ என்று வந்தது.

அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கோபம் யார்மீதும் வரும், இது உரிமை உள்ளவர்கள்மீது மட்டும்தான் வரும் என்று சொல்ல ஆரம்பித்தேன். செய்வார் என்று நம்பி, செய்யாதபோது வருவது. பேச்சை முறித்துக்கொள்ளவும் முடியாது, பழையபடி பேசவும் முடியாது. ‘உரிமை’ என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் சற்றுப் பொறுத்து, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்றிரவு அண்ணனை அழைத்து, “எனக்கு உங்கமேல மனத்தாங்கல்ண்ணே” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், எப்போது லீவு போட்டு வரட்டும் என்று கேட்டார்.