உவரா, களரா? ஜிப்சம் வாங்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்

"சார், நிலத்துல உப்பு பூத்துக் கிடக்கு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடணும்?" மண் பரிசோதனை வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. மூட்டைக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். அந்த நிலம் உவரா, களரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். பேச்சில் இரண்டையும் 'உப்பு நிலம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுத்துவிடும்.

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். மண் ஈரமாக இருந்தாலும் வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. கார அமில நிலை (pH) 8.5-க்குக் கீழேயே இருக்கும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவு. அங்கே சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துகள்கள் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற சத்துகளின் மொத்தத்தில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, சேறாக நிற்கும். காய்ந்தால் கடப்பாரைதான் இறங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடி டம்ளர் மழைத்தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பே முடிவை மாற்றிவிடும். கலக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்தாலும் மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் களர் இருக்க வாய்ப்பு குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் போலப் பரவி, கலங்கலாகவே நின்றால் களர் என்று சந்தேகப்படலாம். உவரும் களரும் சேர்ந்த நிலம் மட்டும் ஏமாற்றும். உப்பு இருக்கும்வரை தெளிவாகவே காட்டும். அதனால் ஆய்வகச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

அரசு தரும் மண்வள அட்டை கையில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதில் வரும் 12 அளவீடுகளில் சோடியம் கிடையாது. 'ஜிப்சம் தேவை' என்ற சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். 4 டெசிசீமன்ஸ் என்ற எல்லை, மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்தெடுத்த சாறுக்கானது. ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி அளக்கும் கூடங்களில் அதே மண் 4-க்கு வெகு கீழே காட்டும். 'அளவு கம்மிதான்' என்று நிம்மதி அடையும் முன், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் ஏறக்குறைய 3.55 லட்சம் ஹெக்டேர் களர்தான். கடற்கரையை மட்டுமே மனதில் வைத்துப் பேசுபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கடலே எட்டாத திருச்சிப் பக்கத்து வயல்களிலும் களர் உண்டு. சோடியம் பைகார்பனேட் நிறைந்த போர் தண்ணீரையே வருடக்கணக்கில் பாய்ச்சினால் நல்ல நிலமும் களராகும்.

இந்த வகை நிலத்தில்தான் 'நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரியாகிவிடும்' என்ற யோசனை கெடுதல் செய்கிறது. இருக்கும் கொஞ்ச உப்பும் போய்விடும், ஒட்டியிருக்கும் சோடியம் அப்படியே நிற்கும், மண் இன்னும் இறுகும். சுண்ணாம்பு போடுவதும் வீண், அவ்வளவு காரத்தில் அது கரையவே கரையாது. மாறாக, வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. அங்கே வேண்டியது தண்ணீரும் வடிகாலும்.

ஜிப்சத்தில் உள்ள கால்சியம் துகளில் ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். தள்ளப்பட்ட சோடியம், சல்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து நிற்கும். அது வயலை விட்டு வெளியே போனால்தான் வேலை முடிந்தது. பலர் இந்தக் கடைசிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். வடிகால் வெட்டாத வயலில் சோடியம் அங்கேயே சுற்றி, அடுத்த கோடையில் மேலே வந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் இரண்டரை கிராம் அளவில்தான் கரையும். ஏக்கருக்கு ஒரு டன் போட்டால், அது கரைய மட்டுமே 4 லட்சம் லிட்டர், அதாவது வயல் முழுக்க 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு வழியில்லாத மாதத்தில் ஜிப்சம் இறக்குவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வயலைச் சமப்படுத்தி, சின்னப் பாத்திகளாக வரப்பு கட்டி, வடிகாலை வெட்டிய பிறகுதான் ஜிப்சத்தைத் தூவ வேண்டும். மேல் மண்ணோடு மட்டும் கலக்க உழுது, தண்ணீர் கட்டிச் சில நாள் நிறுத்தி, வடித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். ஆய்வகம் சொன்ன அளவில் பாதி போட்டுத் தொடங்குவதே வழக்கம். பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், சுமார் 45-ஆம் நாளில் மடக்கி உழுங்கள். அது மட்கும்போது வரும் கரியமில வாயு, மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இலவசமாகக் கால்சியம் தரும்.

முதல் பயிராக நெல்லே நல்லது. திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 ரகங்கள் களரைத் தாங்கும். கொஞ்சம் வயதான நாற்றை, குத்துக்குக் கூடுதல் எண்ணிக்கையில் நடுங்கள். துத்தநாக சல்பேட்டை மறக்க வேண்டாம். உளுந்து, பச்சைப்பயறு ஆசையைச் சில பருவம் தள்ளி வையுங்கள், அவை உப்பு தாங்காதவை.

உவர் நிலத்தை மீட்பதில் மழைக்கு எவ்வளவு பலம் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் காட்டியது. கடல் நீர் புகுந்த வயல்கள் பல ஆண்டுகளுக்குத் தேறாது என்று பயந்தோம். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, தண்ணீர் வடிய வழியிருந்த வயல்களின் உப்பைப் பெருமளவு அலசிவிட்டது. பள்ளத்து வயல்கள் பின்தங்கின. ஓரடி ஆழ மண்ணிலிருந்து உப்பில் ஐந்தில் நான்கு பங்கு வெளியேற, சுமார் ஓரடி உயரத் தண்ணீர் அதன் வழியே இறங்கிப் போக வேண்டும் என்பது எங்கள் பொதுக் கணக்கு. நிற்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது.

பயிருக்குத் தேறாத மூலைகளில் மரம் வைக்கலாம். சவுக்கு, கருவேலம், புங்கம், உகா எல்லாம் தாங்கும். களரில், அடியில் சுக்கான் பாறை இருந்தால் அதைத் துளைத்துக் குழி போட்டு, தோண்டிய மண்ணோடு ஜிப்சமும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். உவர் நிலத்தில் கரை போட்டு நடுவதென்றால் கரையின் உச்சியில் நட வேண்டாம். ஈரம் ஏறி ஆவியாகும் இடம் அதுதான், உப்பும் அங்கேதான் சேரும். பக்கச் சரிவில் நடுங்கள்.