முக்கால் கிலோ உள்ளே, இரண்டேகால் கிலோ வெளியே

பெட்ரோல் வரியை இன்னும் ஏற்றலாம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். சேலம் கோரிமேட்டு வாசகர் ஒருவர் கொதித்துப்போய்க் கடிதம் போட்டிருக்கிறார்: "ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அதிலிருந்து 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது என்கிறீர்கள். வரியைக் கூட்டுவதற்காகக் கணக்கையும் கூட்டுவதா?"

கணக்கு சரிதான் ஐயா. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை என்பது பள்ளிப் பாடம். ஒரு லிட்டரில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். சிலிண்டருக்குள் தீப்பொறி பட்டதும் ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12. ஆக்சிஜன் இரண்டுக்கும் சேர்த்து 32. ஆக, 12 கிராமாக உள்ளே போனது 44 கிராமாக வெளியே வருகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள். கூடுதல் எடை பங்க்கில் வாங்கியதல்ல. வழிநெடுகக் காற்றிலிருந்து அள்ளியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும்! (எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு சற்றுக் குறையும்.)

இதன் தலைகீழ்க் காட்சி சேலத்துக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். நம் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் போட்டால் கரியமில வாயு பிரிந்துபோய், கல்லின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கல் இளைக்கிறது, பெட்ரோல் பெருக்கிறது. இரண்டுக்கும் காரணம் அதே வாயு.

வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ என்று வையுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். என்ஜின் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்பதால், அந்த உயரத்தை ஏற மட்டுமே மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் எரியும். வாயு முக்கால் கிலோவைத் தாண்டும். அதற்கான பில் பங்க்கில் வருவதில்லை. இந்த வாயு சேர்ந்து பருவநிலை மாறி, வெயிலும் மழையும் காலம் தப்பும்போது காப்பித் தோட்டக்காரர் கட்டுகிறார். பிறர் தலையில் விழும் செலவை வரியாக விலையிலேயே சேர்க்கலாம் என்று பிகூ என்ற பொருளியலாளர் 1920இலேயே வாதிட்டார். லிட்டர் கூடினால் வாயுவும் அதே விகிதத்தில் கூடுவதால், லிட்டருக்கு இவ்வளவு என்ற வரி இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

2021இல் தமிழ்நாட்டில் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். 100 ரூபாய்க்குப் போடாமல் 110 ரூபாய்க்குப் போட்டால் அளவு குறையாது என்று நம்பும் ஊர் இது. மீட்டர் எண்ணுவது ரூபாயை அல்ல, குழாயில் ஓடும் பெட்ரோலை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? மலைக் கிராமத்தில் பஸ்ஸே வராத இடத்தில் இருப்பவருக்கு வரி வலிக்கும், மறுக்கவில்லை. வசூலான பணத்தில் முதலில் அங்கே பஸ் விட வேண்டும். இல்லையென்றால் நானும் கோரிமேட்டுக்காரர் பக்கம்தான்.

விலை ஏறினாலும் நாளைக்கே யாரும் வேலைக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. அடுத்த வண்டி வாங்கும் நாளில்தான் அது வேலை செய்யும். வாசகரே கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "மின்சார ஸ்கூட்டர் இரண்டு பேரை வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுமா?"

நல்ல மோட்டாராக இருந்தால் ஏறும். பேட்டரி சமவெளியில் இறங்குவதைவிட வேகமாக இறங்கும். ஆனால் சில வண்டிகளில், திரும்பி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, பிரேக்கில் சூடாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கும்.