பேக்கப் தினமும் ஓடியது, கோப்புதான் இல்லை

சிங்கப்பூரின் யீஷூனில் வீட்டிலேயே டியூஷன் நடத்தும் ஓர் அக்காவின் லினக்ஸ் கணினி சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் எழவே இல்லை. கோப்புகளெல்லாம் இருக்கும் உள் டிஸ்க்கான எஸ்எஸ்டி செத்துவிட்டது. "பரவாயில்ல தம்பி, டைம்ஷிஃப்ட் பேக்கப் தினமும் ஓடுது. வெளி டிஸ்க்லதான் இருக்கு" என்றார், கலங்காமல். டிஸ்க்கைச் சொருகினேன். தேதிவாரியாக ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது அந்தந்த நாளின் பிரதிகள், அழகாக வரிசை கட்டி நின்றன. ஒன்றைத் திறந்து, பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோமுக்குள் போய், அவர் பெயரில் இருந்த ஃபோல்டரைச் சொடுக்கினேன். காலி. ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த தொடக்கநிலை 6 பயிற்சித் தாள்களில் ஒன்றுகூட இல்லை.

டைம்ஷிஃப்ட் மேல் தப்பில்லை. லினக்ஸ் மின்ட்டோடு வரும் அந்தக் கருவி இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. அப்டேட் எதையாவது கெடுத்தால் நேற்றைய நிலைக்குப் போகலாம். அப்போது இன்று தட்டச்சு செய்த வினாத்தாளும் சேர்ந்து பின்னால் போய்விடக் கூடாது. அதனால்தான், நாம் மாற்றிச் சொல்லாதவரை, ஹோமில் உள்ள கோப்புகளை அது தொடுவதில்லை.

"எந்த பேக்கப் நல்லது?" என்று கேட்பவர்களிடம், எது போனால் அழுவீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். உபுண்டுவையோ மின்ட்டையோ ஒரு மதியத்தில் புதிதாக ஏற்றிவிடலாம். உங்கள் கோப்புகளை எங்கே போய் இறக்குவது? அவற்றுக்கு நான் போடுவது போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி. மாறிய பகுதியை மட்டும் சேர்ப்பதால் பல நாள் பிரதிகள் சின்ன டிஸ்க்கிலும் அடங்கும். கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனும் உண்டு, மாணவர் பெயரும் பெற்றோர் கைப்பேசி எண்ணும் உள்ள டிஸ்க்கை எம்ஆர்டி ரயிலில் தவறவிட்டால் அதன் அருமை தெரியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரி பயமென்றால், சொடுக்கியே இயக்கக்கூடிய டேஜா டூப் போதும். கோப்புகளை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் நல்ல கருவிதான். ஆனால் டெலீட் விருப்பத்தோடு ஓடவிட்டால், இங்கே தவறுதலாக அழித்ததை அங்கேயும் சமர்த்தாக அழித்துவிடும்.

தானியங்கி என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி கிரான். எங்கிருந்தோ நகலெடுத்த அதன் வரியில் அதிகாலை 2 மணி என்றிருக்கும். இவர்களோ இரவு 11 மணிக்கே கணினியை அணைத்துவிடுவார்கள். போன நேரம் போனதுதான், கிரான் திரும்பிப் பார்க்காது. அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், தவறிய வேலையை அடுத்த முறை கணினி எழுந்ததும் ஓட்டிவிடும். அந்த ஒரு வரிக்காகவே நான் கிரானை விட்டேன்.

இன்னொன்று, நானே மாட்டிக்கொண்டது. வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாத, அதாவது கணினியோடு இணையாத, நாளில் ஆர்சிங்க் அழவில்லை. அதே பெயரிலிருந்த வெற்று ஃபோல்டருக்குள், அதாவது அதே எஸ்எஸ்டிக்குள், எல்லாவற்றையும் கொட்டி இடத்தை நிரப்பிவிட்டது. இப்போதெல்லாம் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும்படிதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.

இது சின்னக் கணினிகளின் கதை மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். கையில் இருந்ததாக நினைத்த ஐந்து வழிகளில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த பிரதியிலிருந்துதான் மீண்டார்கள்.

அக்காவுக்கு இப்போது போர்க் ஓடுகிறது. ஒரு டிஸ்க் மேசையில். இன்னொன்று ஜூரோங்கில் தங்கை வீட்டில், மாதம் ஒருமுறை இடம் மாறும். மாற்றும் நாளில் பழைய மடிக்கணினியில் ஏதாவது ஒரு வினாத்தாளை மீட்டுத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அப்படிப் பார்க்க உட்கார்ந்தபோது கடவுச்சொல் மறந்துவிட்டதாம். அது இல்லாமல் போர்க் ஒரு கோப்பையும் தராது. சாமி மாடத்தில் ஒட்டிவைத்த சீட்டில் இருந்தது.