அணைத்து வைத்த லாக் வரியும் கம்பைலர் கண்ணில் பட வேண்டும்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள், திரையில் எழுத உதவும் பிரிண்ட்எஃப் கிடையாது. அது சி நூலகத்தின் சொத்து. கர்னல் அந்த நூலகத்துக்கும் அடியில் ஓடுகிறது. அதனால் கர்னல் தனக்கென்று பிரிண்ட்கே என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அதை வைத்து எழுதும் லாக் வரிகளின் செய்திகளெல்லாம் நினைவகத்தில் ஒரு வளைய பஃபரில் சேரும்; அது நிரம்பினால் பழைய செய்திகளின் மேலேயே புதியவை எழுதப்படும். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 வந்தால் இயந்திரம் இனி தேறாது. 7 என்பது டிபக், அதாவது பிழை தேடல்: டிரைவரை (ஒரு சாதனத்தை இயக்கும் நிரலை) எழுதியவருக்கு மட்டும் தேவைப்படுகிற விவரம்.

சிக்கலெல்லாம் இந்த 7-இல்தான். சாதாரணப் பயனருக்கு அது வேண்டாம், ஆனால் நிரலில் வரி இருக்க வேண்டும். அதற்காகப் பழைய டிரைவர்கள் பல ஆளுக்கொரு மேக்ரோவை எழுதிக்கொண்டன. டிபக் தேவை என்று சொல்லிக் கம்பைல் செய்தால் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றினால்) மேக்ரோ பிரிண்ட்கே ஆகும். இல்லாவிட்டால் வெறும் வெற்றிடம். பார்க்க எளிதாக இருக்கும். மேக்ரோ என்பது ஃபங்ஷன் அல்ல, கம்பைலர் படிப்பதற்கு முன்பே நடக்கிற எழுத்து மாற்று என்பதை மறந்தால்தான் வம்பு.

ஓர் உதாரணம். டிரைவரில் இப்படி இருக்கிறது: 'பிழை இருந்தால் லாக் எழுது, இல்லையென்றால் சாதனத்தைத் தொடங்கு.' லாக் மேக்ரோவின் உள்ளே இருப்பது: 'டிபக் கொடி ஏறியிருந்தால் பிரிண்ட்கே-யைக் கூப்பிடு.' இரண்டையும் சேர்த்தால் ஓர் இஃப்-க்குள் இன்னோர் இஃப். சி மொழியின் விதிப்படி எல்ஸ் எப்போதும் பக்கத்தில் இருக்கிற இஃப்-உடன் ஒட்டிக்கொள்ளும். விளைவைப் பாருங்கள்: பிழை இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது, சாதனம் தொடங்காது. பிழை இருந்து கொடி இறங்கியிருந்தால் சாதனம் தொடங்கிவிடும்! எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிர். இன்றைய கம்பைலர்கள் இதைப் பார்த்து எச்சரிக்கும் என்பது உண்மைதான்; அந்த எச்சரிக்கையை யாராவது படிக்க வேண்டுமே.

இதற்கு மருந்து பழையது: மேக்ரோவின் உடலை ஒரே ஒரு முறை சுற்றுகிற டூ-வைல் வளையத்துக்குள் வைப்பது. 'செய், பூஜ்யம் உண்மையாக இருக்கும்வரை' என்று எழுதினால் அது எங்கே வைத்தாலும் ஒற்றைக் கூற்றாக நடந்துகொள்ளும். அரைப்புள்ளியை மறந்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

ஆனால் வெற்று மேக்ரோவின் பெரிய கேடு வேறு. அணைத்து வைத்த வரியைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. யாரோ ஒரு மாறியின் பெயரை மாற்றுகிறார். லாக் வரியில் பழைய பெயரே கிடக்கிறது. 32 பிட்டாக இருந்த முகவரி 64 பிட் ஆகிறது. எந்த வகை மதிப்பை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் வடிவக் குறியீடு பழையபடி 32 பிட் எண்ணையே எதிர்பார்க்கிறது. எந்தப் புகாரும் எழாது. ஆண்டுகள் கழித்து ஒருவர் பிழை தேடுவதற்காக டிபக்கை இயக்கினால், முதலில் அந்த டிரைவரே கம்பைல் ஆகாது. மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் கைவிடுகிற கருவி இது.

இதைத் திருத்துகிறவர்கள் செய்வது, வெற்றிடத்தை நீக்கிவிட்டு நோ-பிரிண்ட்கே என்ற மேக்ரோவைப் போடுவது. அதன் உடல் 'பூஜ்யம் உண்மையானால் பிரிண்ட்கே-யைக் கூப்பிடு' என்பதுதான். ஒருபோதும் நடக்காத நிபந்தனை. ஆனாலும் கம்பைலர் உள்ளே இருப்பதை முழுக்கப் படிக்கும். பெயர்கள், வகைகள், வடிவக் குறியீடுகள் எல்லாவற்றையும் சரிபார்க்கும். பிறகு அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடும். இயங்கும் நிரலில் ஒரு பைட்கூட மிஞ்சாது.

இந்த நோ-பிரிண்ட்கே-யும் முதலில், கூப்பிடும் இடத்திலேயே விரிகிற ஓர் இன்லைன் ஃபங்ஷனாகத்தான் இருந்தது. ஒன்றும் செய்யாத ஃபங்ஷன்தானே, என்ன கெடுதல்? ஃபங்ஷன் என்றால் அதற்குத் தரும் மதிப்புகளைக் கணக்கிட்டே ஆக வேண்டும். லாக் வரிக்குள்ளேயே வன்பொருளின் ரெஜிஸ்டரை (அதன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தை) படிப்பது டிரைவர்களில் சகஜம். அந்தப் படிப்பைக் கம்பைலர் நீக்க முடியாது. இன்டரப்ட்டை, அதாவது சாதனம் செயலியின் கவனத்தைக் கோரும் குறுக்கீட்டைக் காட்டும் சில ரெஜிஸ்டர்கள் படித்தவுடனே தம்மை அழித்துக்கொள்ளும் இயல்புடையவை. ஆக, அணைத்து வைத்த லாக் வரி சாதனத்தின் நிலையையே மாற்றிவிடலாம். பூஜ்ய நிபந்தனைக்குள் வைத்ததும் இந்த வாய்ப்பு அடைபட்டது. லாக் வரிக்குள் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற வேலைகளை ஒளித்து வைப்பவர்களை மட்டும் எந்த மேக்ரோவும் காப்பாற்றாது. அது தேடிப்போய் வாங்கிய வினை.

சரி, கர்னலை மறுபடி கம்பைல் செய்யாமலே ஒரு வரியை மட்டும் இயக்க முடியுமா? முடியும். 2009-இல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து டைனமிக் டிபக் என்ற வசதி இருக்கிறது. டிரைவரின் சொந்த மேக்ரோவைக் கழித்துவிட்டு கர்னலின் பொது மேக்ரோக்களான பிஆர்-டிபக் அல்லது டெவ்-டிபிஜி பயன்படுத்தினால் போதும். ஒவ்வொரு லாக் வரிக்கும் கோப்பு, ஃபங்ஷன், வரி எண், வடிவச் சரம் கொண்ட சிறு பதிவு ஒன்று தனிப் பகுதியில் சேர்ந்துவிடும். கண்ட்ரோல் என்ற கோப்பில் 'இந்தக் கோப்பு, இந்த வரி, கூட்டல் பி' என்று எழுதினால் அந்த வரி மட்டும் பேச ஆரம்பிக்கும். ஜம்ப் லேபிள் வசதியுள்ள செயலிகளில், அணைந்திருக்கும்போது அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு கட்டளை மட்டும் இருக்கும். இயக்கினால் கர்னல் தன் நிரலையே திருத்தி அங்கே ஒரு தாவலை வைக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடக் கூடாது. கன்சோல், அதாவது செய்திகள் உடனுக்குடன் வெளியாகும் இடம், சீரியல் கம்பியில் இணைந்திருந்து, வேகம் 115200 பாட் என்றால், நொடிக்கு 11520 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லி நொடி. இன்டரப்ட் கையாளும் இடத்தில் அது பெரிய நேரம். தேடிய பிழை நேரப் பிசகு சம்பந்தப்பட்டது என்றால், லாக் போட்டதுமே மறைந்துவிடவும் செய்யும். அதனால் கன்சோல் நிலையைக் குறைத்து, செய்திகளைப் பஃபருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அப்புறம் எடுத்துப் படிப்பதே வழக்கம்.