அடாப்ஷன்: தத்தெடுப்பா, புழக்கமா?

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் அதன் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் சொல் 'அடாப்ஷன்'. 'லைசென்ஸ் எல்லாம் வாங்கியாச்சு, அடாப்ஷன்தான் கம்மி' என்பார் ஐ.டி. பிரிவுக்காரர். 'யூசர் அடாப்ஷன் எத்தனை சதவீதம்?' என்று மேலாளர் கேட்பார். டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைக் கருவிகள், பலர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணங்கள், அலுவலக விக்கி, யாமர் (இப்போது விவா எங்கேஜ்) போன்ற உள்வட்டச் சமூக வலைத்தளங்கள் என, பலரும் சேர்ந்து இறங்கினால் மட்டுமே பலன் தரும் மென்பொருள்களின் விஷயத்தில் இந்தச் சொல் கூடுதலாகவே அடிபடுகிறது.

இதைத் தமிழில் எழுதப் போனால் எந்திர மொழிபெயர்ப்பு முதலில் நீட்டுவது 'தத்தெடுப்பு'. 'நிறுவனங்கள் இந்த மென்பொருளைத் தத்தெடுத்துவருகின்றன' என்று படிக்கும்போது, தொட்டில் கட்டிப் பெயர் வைத்தார்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தத் தவறைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், வாங்கிய மென்பொருள் ஏன் தூங்குகிறது என்பதற்கும் விளக்கம் கிடைக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'அத்' என்றால் நோக்கி. 'ஒப்தாரே' என்றால் விரும்பு, தேர்ந்தெடு. நாம் தினமும் சொல்லும் 'ஆப்ஷன்' இதே 'ஒப்தாரே'யின் வழிவந்ததுதான். ஆக 'அடாப்ட்' என்பதன் அடிப்பொருள், தனக்கென்று தேர்ந்துகொள்வது. ரோமானியர்கள் பெரும்பாலும் தொட்டில் குழந்தையைத் தேடிப் போகவில்லை. வளர்ந்த ஆண்மகனையே வாரிசாகத் தேர்ந்தார்கள். கி.பி. 4-ஆம் ஆண்டில் பேரரசர் அகஸ்டஸ் திபேரியஸை மகனாக ஏற்றபோது திபேரியஸுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பாசத்தைவிட அங்கே முன்னே நின்றது தேர்வு.

தமிழில் நாம் சொல்லும் 'தத்து' நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. வடமொழியில் 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது. 'தாரைவார்த்துத் தத்தம் செய்தான்' என்பதில் உள்ள அதே சொல். எடுப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்பது 'அடாப்ஷன்'. கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்பது 'தத்து'. ஆவணத் தமிழில் இருக்கும் 'சுவீகாரம்' இன்னும் நெருக்கமானது: 'சுவ' என்றால் தன்னுடைய, 'காரம்' என்றால் ஆக்குதல்; சேர்த்துச் சொன்னால் தனதாக்குதல். ஆனாலும் 'சுவீகாரம்' என்றவுடன் நமக்குப் 'புத்திரன்' என்ற அடுத்த சொல்தான் காதில் விழுகிறது. மென்பொருளுக்கு அதுவும் ஒட்டாது. (தத்து என்பதற்குத் தமிழில் ஆபத்து என்றும் ஒரு பொருள் உண்டு; ஜாதகம் பார்ப்பவர்கள் சொல்லும் 'உயிர்த்தத்து' அதுதான். பாதியில் கைவிடப்பட்ட சில மென்பொருள் திட்டங்களை நினைத்தால் அந்தப் பொருளில் வேண்டுமானால் பொருந்தும்.)

குழந்தையிலிருந்து மென்பொருளுக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்த வழியில் ஒரு சோளக்காடு இருக்கிறது. கருத்தை, வழக்கத்தை, கொள்கையை 'அடாப்ட்' செய்வது ஆங்கிலத்தில் பழைய வழக்குதான். ஆனால் புதுமையைப் பற்றிய ஆய்வில் அதற்குக் கலைச்சொல் அந்தஸ்து கிடைத்ததில் அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகளுக்குப் பெரிய பங்குண்டு. பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை அங்கே எப்படிப் பரவியது என்று ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கில் கொண்ட 259 விவசாயிகளில் இருவர் தவிர மற்ற எல்லோரும் 1928-க்கும் 1941-க்கும் இடையில் புதிய விதைக்கு மாறியிருந்தார்கள். அயோவா விவசாயி வீட்டுப் பிள்ளையான எவரெட் ரோஜர்ஸ் இதையும் இதுபோன்ற பல ஆய்வுகளையும் சேர்த்து 1962-இல் 'டிஃப்யூஷன் ஆஃப் இன்னொவேஷன்ஸ்' என்ற நூலை எழுதினார். முதலில் துணிபவர் 2.5 சதவீதம், அடுத்து 'எர்லி அடாப்டர்' 13.5, முன்பெரும்பான்மை 34, பின்பெரும்பான்மை 34, கடைசியில் வருபவர் 16 என்ற அந்தப் புகழ்பெற்ற மணிவடிவக் கோடு அவருடையது. இன்று மென்பொருள் விற்பவர் போட்டுக் காட்டும் ஸ்லைடில் இருப்பதும் அதே கோடுதான்.

விதைக்கும் ஸ்லாக்குக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் ஒரு பெரிய வேறுபாடு மறைந்துபோனது. விவசாயி புதிய விதையை முதலில் ஒரு மூலையில் விதைத்துப் பார்த்தார். பிடித்திருந்தால் அடுத்த பருவத்தில் பரப்பைக் கூட்டினார். பக்கத்து நிலத்துக்காரர் விதைக்கவில்லை என்பதால் இவர் விளைச்சல் குறையாது. கூட்டாக வேலை செய்யும் மென்பொருள் அப்படியல்ல. தனியாளாக ஒருவர் ஸ்லாக்கில் உட்கார்ந்திருந்தால் அது வெறும் நோட்டுப்புத்தகம். ஊடாட்டக் கருவிகளின் இந்தக் குணத்தை ஆய்வாளர் லின் மார்க்கஸ் 1987-இல் எழுதிய கட்டுரையில் 'கிரிட்டிகல் மாஸ்' என்ற கருத்தைக்கொண்டு விளக்கினார்: ஒரு குறிப்பிட்ட அளவு ஆள் சேர்ந்துவிட்டால் மீதிப்பேரும் வந்துசேர்வார்கள், சேராவிட்டால் வந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள். நடுவில் நிலையாக நிற்பது கடினம்.

இன்னொரு வேறுபாடு, தேர்ந்தெடுப்பது யார் என்பது. விவசாயி தானே தேர்ந்தார், தானே விதைத்தார். புதுமை பற்றிய முடிவுகளை ரோஜர்ஸே மூன்றாகப் பிரிக்கிறார்: தனிமனிதர் விருப்பப்படி எடுப்பது, எல்லோரும் கூடி எடுப்பது, அதிகாரத்தில் உள்ள சிலர் மற்றவர்களுக்காக எடுப்பது. அலுவலக மென்பொருள் பெரும்பாலும் மூன்றாம் வகை. 'ஒப்தாரே' ஓர் அறையில் நடக்கிறது, விதைப்பு வேறோர் அறையில் நடக்கிறது. இரண்டையும் 'அடாப்ஷன்' என்றே சொல்வதால், கையெழுத்துப் போட்டதோடு காரியம் முடிந்தது என்ற மயக்கம் மேலிடத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த மென்பொருள் வகையின் பெயர்களிலும் இதே தேய்மானம் நடந்திருக்கிறது. 'குரூப்வேர்' என்ற சொல்லை 1978-இல் உருவாக்கியவர்கள் பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் தம்பதியர். அவர்கள் கொடுத்த விளக்கத்தில் மென்பொருள் பாதிதான். குழு தன் நோக்கத்துக்காக அறிந்தே வகுத்துக்கொண்ட நடைமுறைதான் மறுபாதி. நடைமுறையும் அதைத் தாங்கும் மென்பொருளும் சேர்ந்ததே குரூப்வேர். 1989-இல் மெயிலையும் பொதுவான ஆவணங்களையும் குழுவுக்குள் பகிர உதவும் லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் வந்து அந்தச் சொல் சந்தைக்குப் போனபோது முதல் பாதி உதிர்ந்தது. பெட்டியில் வரும் பொருளுக்கு மட்டும் பெயராக அது நின்றுவிட்டது. 2006-இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ மெக்காஃபி 'எண்டர்பிரைஸ் 2.0' என்ற பெயரைக் கொண்டுவந்தார். வெளியுலகில் பிரபலமான வலைப்பூ, விக்கி போன்றவை அலுவலகத்துக்குள் வருவதை அது குறித்தது. எண்ணைச் சேர்த்த எல்லாப் பெயர்களையும்போல அதுவும் சீக்கிரமே பழசாகிவிட்டது.

'கொலாபரேஷன்' மட்டும் நிலைத்தது. 'கொம்' என்றால் உடன், 'லபொராரே' என்றால் உழை. தமிழில் 'ஒத்துழை' என்பது அச்சு அசலாக அதே கட்டுமானம். ஆனால் அந்த இடத்தை 'கோஆபரேஷன்' முன்பே பிடித்துக்கொண்டது. 'ஒத்துழைப்பு கொடுங்கள்' என்றால் தடுக்காமல் இருங்கள் என்ற அளவுக்குப் பொருளும் தேய்ந்துவிட்டது. சேர்ந்து உழைத்து ஒன்றை உருவாக்குவதற்குக் 'கூட்டுப்பணி' என்பதே என் தேர்வு. மென்பொருளைக் 'கூட்டுப்பணி மென்பொருள்' என்று சொன்னால் யாருக்கும் உரை எழுத வேண்டியதில்லை. 1940 அக்டோபரில் பிரான்சின் அன்றைய ஆட்சித்தலைவர் பெத்தேன் ஹிட்லருடன் 'கொலாபரேஷன்' பாதையில் இறங்குவதாக வானொலியில் அறிவித்ததிலிருந்து, எதிரிக்குத் துணைபோனவன் என்ற கறையும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. நம் 'கூட்டாளி'யிடமும் அந்தக் கறை உண்டு: தொழிலில் கூட்டாளி, களவிலும் கூட்டாளி. 'சோஷியல் சாஃப்ட்வேர்' என்பதைச் 'சமூக மென்பொருள்' என்றால் சமூக சேவைக்கான மென்பொருள் என்று படுகிறது. 'ஊடாட்ட மென்பொருள்' பரவாயில்லை.

சரி, வாங்கிய பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது? ஓர் அறிக்கையைப் பகிர்ந்த ஆவணமாகத் திறந்து, லிங்கை எல்லோருக்கும் அனுப்புகிறார் ஒருவர். ஒருவர் அதைத் தரவிறக்கி, 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்து மெயிலில் திருப்பி அனுப்புகிறார். இன்னொருவர் மூன்றாம் பத்தியைச் சரிசெய்யச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு போடுகிறார். மேலதிகாரி அச்செடுத்த தாளில் சிவப்பு மையில் சுழிக்கிறார். மூன்றையும் வாங்கிப் பகிர்ந்த ஆவணத்தில் ஏற்றும் வேலை, லிங்க் அனுப்பியவர் தலையில் விழுகிறது. அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். டாஷ்போர்டோ அனைவரும் 'ஆக்டிவ் யூசர்' என்று காட்டும், ஏனென்றால் எல்லோரும் ஒருமுறை லிங்கைத் திறந்தார்கள்.

கணினி ஆய்வாளர் ஜோனதன் க்ரூடின் 1988-இலேயே இதன் கணக்கைப் போட்டுவிட்டார். இத்தகைய மென்பொருள்கள் தோற்பதற்கு அவர் சொன்ன முதன்மைக் காரணம், உழைப்பு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போவது. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் கணினி நாட்காட்டி அவர் காட்டிய உதாரணம்: எல்லோரும் தங்கள் நேரத்தைத் தவறாமல் பதிந்துவைக்க வேண்டும், நோகாமல் நேரம் குறித்துக்கொள்வது கூட்டத்தைக் கூட்டுபவர். பலன் கிடைக்காதவர் பதிவதை நிறுத்துவார், நாட்காட்டி பொய் சொல்லத் தொடங்கும், பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள்.

வாண்டா ஒர்லிகோவ்ஸ்கி 1992-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உள்ளே போகிறது. ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் தன் ஊழியர்களுக்கு லோட்டஸ் நோட்ஸ் கொடுத்தது. அங்கே வேலை செய்த ஒவ்வொரு மணிநேரமும் ஏதாவதொரு வாடிக்கையாளர் கணக்கில் ஏற வேண்டும். புதிய கருவியைக் கற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? அதோடு, மேலே ஏறு அல்லது வெளியேறு என்ற பதவி முறை. தெரிந்ததைத் தன்னோடு வைத்திருப்பவர்தான் மேலே ஏற முடியும்; அவரிடம் போய், தெரிந்ததை எல்லாம் பொதுவில் போடு என்றால்? பலரும் அதை மெயிலாகவும் தனிக்கருவியாகவும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஏறவேண்டிய படி எல்லாம் ஏறி முடித்த பங்குதாரர்களுக்கு மட்டும் பகிர்வதில் அவ்வளவு தயக்கம் இல்லை. அந்த நிறுவனம் 'அடாப்ட்' செய்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். 'ஏற்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஏற்பது மனத்தளவில் முடிந்துவிடும் வேலை. மறுக்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை. 'பின்பற்றல்' தலைவருக்கும் கொள்கைக்கும் சரி. 'கைக்கொள்ளல்' நல்ல சொல். நோன்பைக் கைக்கொள்கிறோம், அறத்தைக் கைக்கொள்கிறோம். தமிழ் விவிலியம் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ளச் சொல்கிறது. தேர்வும் இருக்கிறது, தொடர்ந்து ஒழுகுதலும் இருக்கிறது. ஒரு நிறுவனம் முடிவெடுப்பதைச் சொல்ல இது போதும்.

ஊழியர்கள் தரப்பில் நடப்பதற்கு மட்டும் வேறு சொல் வேண்டும். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: புழக்கம். 'புழங்கு' என்றால் கையாளு, பயன்படுத்து. புழங்குகிற பாத்திரம், புழங்குகிற அறை, பணப்புழக்கம். இதே வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவரோடொருவர் தயக்கமின்றிப் பழகுதல். 'அந்த வீட்டோடு நாங்கள் புழங்குவோம்' என்றால் போக்குவரத்து உண்டு, கொடுக்கல் வாங்கல் உண்டு. பொருளைப் பயன்படுத்துவதையும் மனிதரோடு பழகுவதையும் ஒரே வினையில் வைத்திருக்கும் சொல், கூட்டுப்பணி மென்பொருளுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. தவிர, புழக்கத்தை யாரும் உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. நாணயத்தை அச்சடிக்கலாம்; கை மாறினால்தான் புழக்கம்.

ஆகவே நிறுவனம் ஒரு மென்பொருளைக் 'கைக்கொண்டது', அது ஊழியர்களிடையே 'புழக்கத்துக்கு வந்தது' அல்லது 'வரவில்லை' என்று இரண்டாகப் பிரித்து எழுதலாம். 'அடாப்ஷன் ரேட்' புழக்க வீதம். 'எர்லி அடாப்டர்' முந்திக் கைக்கொள்பவர். பேச்சில் 'முந்திரிக்கொட்டை' என்று யாராவது மாற்றிவிடுவார்கள், அது வேறு விஷயம். 'லோ அடாப்ஷன்' குறைந்த புழக்கம். 'அடாப்ஷன் ஸ்ட்ராடஜி' என்பதைப் 'புழக்கத்துக்குக் கொண்டுவரும் வழி' என்று நீட்டியே எழுதலாம். சுருக்கமாக்கப் போய் 'புழக்க உத்தி' என்றால் யாருக்கும் புரியாது. 'ஆன்போர்டிங்' இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு சொல். கணக்கைத் திறந்துகொடுத்துப் பழக்கிவிடுவதோடு அது முடிகிறது. அதற்குப் 'பழக்குதல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.